லைனில் இருப்பது திருச்சி

இரவு பதினொன்றரைக்கு மேல் நான் திருச்சி.
சில நாள் சேலம்.
கூடுதலாக ஐம்பது ரூபாய் தந்தால் துபாய்.
மூலையில் 'நேரலை' என்று எழுதியிருக்கும்.
பதிவு செய்தது செவ்வாய்க்கிழமை மதியம்,
சாலிகிராமத்தில் ஒரு மூன்றாவது மாடி.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர்.
இந்தப் பக்கம் பிளாஸ்டிக் ஸ்டூலில் நான்,
கையில் எதனோடும் இணைக்கப்படாத ஒரு போன்.

"லைன்ல யாரும்மா?"
"ஹலோ சார், உங்க எண்ணெய் தேய்ச்சு
எங்க வீட்டுக்காரருக்கு முடி வந்துருச்சு சார்!"
அழைப்புக்கு நூற்றைம்பது. டீ தனி.

கஜபதி அப்போது விக் வைத்திருந்தார்.
ஷூட்டிங் முடிந்ததும் அதைக் கழற்றி
மானிட்டர் மேல் வைப்பார்,
மடியில் இருந்த பூனையை இறக்கிவிடுவது போல.

வியாசர்பாடிக்காரர்.
மெல்லிசைக் குழுவில்
கீபோர்டுக்காரன் ஒயரைச் சரிசெய்யும்வரை
கூட்டம் எழுந்து பந்திக்குப் போய்விடாமல்
பிடித்து வைப்பது அவர் வேலை.
பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்கு நிற்கும் மின்ரயில்,
அதற்குள் அழும் குழந்தை,
முறுக்கு விற்பவன்,
மூன்றையும் ஒரே வாயில் செய்வார்.
அயனாவரம் மண்டபம் ஒன்றில் அதைக் கேட்ட யாரோ
"இந்த வாய் எதையும் வித்துடும்யா" என்றாராம்.

முதலில் காய் நறுக்கும் டப்பா.
தக்காளி நூறைத் தொட்ட மாதத்திலும்
கிலோ கிலோவாக நறுக்கினார்.
லைட்மேன் முதல் நான் வரை
ஆளுக்கொரு கவர் கட்டிப் போவோம்.
இரண்டு வருடம் என் வீட்டில்
யாரும் வெங்காயம் அரியவில்லை.
பிறகு இடுப்பு பெல்ட், உயரம் கூட்டும் மாவு,
கண் திருஷ்டிக்கு ஒரு கண்ணாடி முத்து.
'முதலில் அழைக்கும் ஐம்பது பேருக்கு மட்டும்.'
அந்த ஐம்பது ஒருநாளும் குறையவில்லை.

பெரம்பூரில் ஒருமுறை, ஓடும் ரயிலில்,
ஒரு பெரிய தொப்பை அவர் சட்டையைப் பிடித்தது.
"பெல்ட்டு காசைக் குடுய்யா."
கஜபதி ரயிலுக்குள் நின்றபடியே ரயிலானார்.
ஹாரன், பிரேக், குழந்தை, முறுக்கு.
பெட்டியே சிரித்தது. தொப்பையும் குலுங்கிச் சிரித்தது.
சிரித்து முடித்து, பிடியை விடாமல்,
"சரி, காசைக் குடு" என்றது.
ஐந்நூறு கொடுத்துவிட்டு வியாசர்பாடியில் இறங்கினார்.

தான் விற்றதில் அவரே வாங்கியது ஒன்றுதான்.
மதுராந்தகம் தாண்டி அரை கிரவுண்டு.
"பக்கத்துல ஏர்போர்ட் வருது" என்று
நாற்பது எபிசோடு சொன்னவர்
நாற்பத்தொன்றாவதில் நம்பிவிட்டார்.
அந்த மழையில் போய்ப் பார்த்தோம்.
எல்லைக்கல்லின் தலை மட்டும் தெரிந்தது.
அதன் மேல் ஒரு கொக்கு.
"ஏரி அதோட இடத்தைக் கேட்டு வாங்கிக்கிச்சு,
நியாயந்தான்" என்றார்.
கொக்கு மாதிரி ஒரு குரல் எடுத்துப் பார்த்தார்.
சரியாக வரவில்லை.

ஒரு பதிவில், தூக்கக் கலக்கம்,
கோமளா என்பதற்குப் பதிலாக
என் பெயரையே சொல்லிவிட்டேன்.
எமல்டா.
அவர் நின்றார்.
கையில் எண்ணெய் பாட்டில், முகத்தில் முழு வெளிச்சம்.
"சாப்ட்டியாம்மா எமல்டா?"
எடிட்டிங்கில் அதை வெட்டிவிட்டார்கள்.

சேனல் மூடி ஆறு வருடமாகிறது.
இன்று காலை கொளத்தூரில், எங்கள் தெருவில்,
பூண்டு வண்டி.
"வாங்கம்மா வாங்க, மலைப்பூண்டு,
இன்னிக்கு ஒருநாள் மட்டும்…"
துணி காயப்போட்ட கையோடு இறங்கி ஓடினேன்.
"யார் குரல் தம்பி இது?"
"தெரியாதுக்கா. ரிச்சி ஸ்ட்ரீட்ல
மெமரி கார்டுல போட்டுக் குடுத்தாங்க. எரநூறு ரூபா."

வீட்டில் பூண்டு இருக்கிறது.
ஒரு கிலோ வாங்கினேன்.
ஒவ்வொரு வரிக்குப் பிறகும்
கொஞ்சம் நிறுத்துகிறது அந்தக் குரல்.
வேறெந்த வண்டியும் அப்படி நிறுத்துவதில்லை.
ஓர் ஆள் பதில் சொல்லி முடிக்கும் அளவு நீளம்.
அடுத்த நிறுத்தத்தில்
வாய்வரை வந்துவிட்டது திருச்சி.

வண்டி கியர் மாற்றித் திரும்பியது.