செகண்ட்ஸ்

ட்யூப்லைட்டுக்கடியில் விரித்துப் பிடித்தால் போதும்,
ஊசி முறிந்து விழுந்த ஓட்டை
கடுகளவு இருந்தாலும் கண்ணுக்குத் தட்டுப்படும்.
சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஓரமாகத் தள்ளுவேன்.
பதினொரு வருசமாகச் செக்கிங் டேபிள்.

கேஸ் டிரபிள் என்று அவர் நெஞ்சைத் தடவியபோது
நானுந்தான்
மோரில் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தேன்.

பல்லடம் ரோட்டில் ஒரு டையிங் வாசலில்
ரோல் ஏற்றக் காத்திருந்த டெம்போ.
ஸ்டியரிங்கில் தலை சாய்த்திருந்தார்.
அசதி, பாவம், தூங்கட்டும் என்று
முக்கால் மணி நேரம் எழுப்பவில்லை.
நல்ல மனசுக்காரர்கள்.
குறை சொல்ல வாய் வரவில்லை.

பேர் இருதயராஜ்.
மாமியார் வேண்டிப் பெற்று வைத்த பேர்.
முன்னறைச் சுவரில் திரு இருதய ஆண்டவர்
முள் சுற்றிய நெஞ்சைத் திறந்து காட்டியபடி நிற்கிறார்.
ஆவணியில் இருந்து
அவர் காலடியில் சிவப்பு பல்பை நான் போடவில்லை.
அவரும் கேட்கவில்லை.

"இந்த வருசம் நமக்கு நோம்பி இல்லீங்" என்று
கருமத்தம்பட்டியில் இருந்து நாத்தனார் போன் பண்ணினாள்.
ஸ்டார் கட்ட வேண்டாம், கச்சாயம் சுட வேண்டாம்,
பையனுக்குப் புதுத்துணியும் எடுக்க வேண்டாம்.
சரி என்றேன்.
அவளுக்கும் அண்ணன்தானே.

மறுநாள் அந்த ஆர்டர் வந்தது.
இதயத்தில் ஓட்டையோடு பிறந்த பிள்ளைகளின்
ஆபரேஷனுக்குக் காசு சேர்க்கும் அறக்கட்டளை.
தை பிறக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை
நொய்யல் பாலத்தில் இருந்து நடக்கப் போகிறார்களாம்.
ஆயிரத்து இருநூறு பீஸ். சிவப்பு, ரவுண்ட் நெக்.
இடப்பக்கம் வெள்ளையில் ஒரு இதயம்.
நோட்டீசில் ஓட்டை என்று படித்ததுமே
கை ஸ்டிக்கரைத் தேடியது.

நாலு ராத்திரி ஒன்றரை ஷிப்ட்.
ஒவ்வொரு இதயமாகப் புரட்டிப் பார்த்து
நூல் பிசிறு வெட்டி
அடுத்தது, அடுத்தது.
மூன்றாம் ராத்திரி ஒரு பீசில் ஈரம் சொட்டிவிட்டது.
கறை என்று ஸ்டிக்கர் ஒட்டினேன்.
ஒடிசாவில் இருந்து கைமடிக்கு வந்த நிரஞ்சன்
அதைப் பிய்த்து எடுத்தான்.
"அக்கா, இது காயும்."

சனிக்கிழமைச் சம்பளத்தில்
அந்த நாலு ராத்திரிக் காசைத் தனியாக எடுத்துக்கொண்டு போனேன்.
யார் பேருக்கு ரசீது என்றார்கள்.
திரு. இருதயராஜ், அனுப்பர்பாளையம்.
காலஞ்சென்ற என்று நாக்கு நுனி வரை வந்தது,
விழுங்கிவிட்டேன்.
வெளியே வந்தவள் திரும்பிப் போய்க் கேட்டேன்:
உங்கள் ஈசிஜி வேன் ஒருநாள்
டெம்போ ஸ்டாண்டுக்கு வருமாங்க?
அங்கே எல்லாருக்கும் கேஸ் டிரபிள்தான்.
அந்தப் பெண் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாள்.

டேமேஜ் மூட்டையில் ஒரு பீஸ்.
பிரிண்ட் போட்டவன் தூக்கக் கலக்கத்தில்
இதயத்தை வலப்பக்கம் அடித்திருந்தான்.
சூப்பர்வைசர், எடுத்துக்கங்க என்றார்.
இருபத்தி நாலாம் தேதி ராத்திரி அமலனுக்குப் போட்டுவிட்டேன்.
புதுத்துணி இல்லை, நாத்தனார் கேட்டால் சொல்லலாம்:
செகண்ட்ஸ்.

எதிரே நிறுத்திப் பார்த்தேன்.
சரியாக என் நெஞ்சுக்கு நேரே இருந்தது அது.

கோயிலில் நல்ல பனி.
சாமியார் குழந்தையைத் தூக்கிக் காட்டினார்,
மணி அடித்தது, எல்லாரும் எழுந்தோம்.
பிரசங்கத்தின் நடுவில்
முன்பெஞ்சில் தலை சாய்த்துவிட்டான் பயல்.
பக்கத்து அம்மா என் கையை அமுக்கி
தூங்கட்டும் விடுங்க என்றார்.

எழுப்பினேன்.

"ஏம்மா?" என்று முறைத்தான்.
சும்மாதான் கண்ணு.
சும்மாதான்.