திருகாணி

மதியமே கிளாஸ் மூன்று கொடுத்துவிட்டார்கள்.
ரோஸ்ஹில் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டது.
ஞாயிறு மாலை அம்மா வீட்டுக்குத்
திரும்ப வேண்டிய பிள்ளைகள் இரண்டும்
என்னோடு மாட்டிக்கொண்டன.
அவர்களுடைய அப்பா, என் புருஷன் வாசென்,
பிளேசான்ஸ் விமான நிலையத்தில்
பறக்காத விமானங்களுக்குக் காவல்.

கல்யாணமாகி ஏழு மாதம்.
கோவிலென் இன்னும் என்னை
எதுவும் கூப்பிடுவதில்லை.
பதின்மூன்று வயதில் அது ஒரு திறமை:
உப்பு வேண்டுமென்றால் உப்பைப் பார்ப்பான்.
செல்வினா மட்டும் 'தாந்தின்' என்பாள்,
அண்ணன் பக்கத்தில் இல்லாதபோது.

வீட்டில் கேம் பெட்டி ஒன்று, கன்ட்ரோலர் ஒன்று.
ஒருத்தன் ஆட ஒருத்தி அழ
ஆறு சனிக்கிழமை பார்த்துவிட்டு
க்யூர்பிப் சந்தையில் பழசு இரண்டு வாங்கினேன்.
'ரெண்டு எதுக்கு?' என்று
டிவியிடம் கேட்டான்.
'ஜோடியாத்தான் தருவானாம்.'
பொய்.
கடைக்காரன் ஒற்றையாகத்தான் நீட்டினான்.

முதலாவது சொன்ன பேச்சைக் கேட்டது.
பெட்டியின் பொத்தானை ஒரு முறை,
கன்ட்ரோலரின் பொத்தானைச் சற்று அழுத்திப் பிடித்து,
நாலு விளக்கும் ஓடிப் பிடித்து விளையாடி
இரண்டாவதில் நின்றது.
செல்வினா இரண்டாம் ஆள்.
இருந்த தலையணையெல்லாம் இழுத்துப் போட்டு
மேலே ஏறி உட்கார்ந்தாள்.

மற்றது மட்டும்
இடமிருந்து வலம், வலமிருந்து இடம்,
தேடிக்கொண்டே இருந்தது.
பேட்டரி மாற்றினேன்.
பெட்டியை அணைத்துப் போட்டேன்.
பள்ளிக்கூடத்தில் பதினெட்டுப் பிள்ளைகளுக்கு
ழகரம் வரவைத்தவள் நான்.
இந்த ஒரு விளக்கு வரவில்லை.
வெளியே யார் வீட்டுத் தகரமோ
தெரு நீளத்துக்கு உருண்டு போயிற்று.

'அது பழைய வீட்டைத் தேடுது.'
கிரியோலில், மெதுவாக, எனக்குத்தான் சொன்னான்.
'யாரோட பெட்டியோ இன்னும் ஞாபகம் வெச்சிருக்கு.
மறக்க வைக்கணும்.'
முதுகுப்புறம் திருப்பிக் காட்டினான்:
கடுகு நுழையாத ஒரு துளை.
உள்ளே ஒரு பொத்தானாம்.

பல்குச்சி முறிந்தது.
ஊக்கு வளைந்தது.
ஊசி எந்த டப்பாவில் என்று
எனக்கும் தெரியாது, ஏழு மாதம்தானே.
அவன் கண் என் காதில் போய் நின்றது,
உப்பைப் பார்ப்பதுபோல.

காலேஜ் சேர்ந்த வருஷம் போட்ட தோடு.
திருகாணி இறுகிப்போய்
திருகத் திருகக் காதுதான் கூட வந்தது.
'வலிக்குதா?'
'இல்லை.' இன்றைக்கு இது இரண்டாவது.
தண்டு அளவெடுத்ததுபோல் உள்ளே போனது.
அழுத்தியபடி தமிழில் எண்ணினோம்.
அவனுக்கு ஐந்துக்கு மேல் தெரியாது.
ஐந்து போதுமாக இருந்தது.

திரையில் மூன்று கார்.
பச்சை என்னுடையது.
முதல் வளைவிலேயே கடலுக்குள் போனேன்.
தூக்கிக் கரையில் வைத்தார்கள்.
மறுபடி கடல்.
செல்வினா சிரித்துச் சிரித்துத் தலையணையிலிருந்து சரிந்தாள்.
'பிரேக்! பிரேக்!' என்று கத்தினான் அவன்.
கத்தலில் என் பெயர் இல்லைதான்.
ஆனால் கடலில் வேறு யாரும் இல்லை.

அப்போது கரண்ட் போனது.

காற்றின் முழு உயரமும்
அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது.
மெழுகுவத்தி சமையலறையில்.
போனில் இருந்த கடைசிச் சொட்டு
வாசெனோடு பேசித் தீர்ந்துவிட்டது.
கையிலிருந்த மூன்று கன்ட்ரோலரும்
பெட்டியைக் காணாமல்
மின்ன ஆரம்பித்தன.

தோட்டைக் காதில் நுழைத்தபிறகுதான்
விரல் வெறுமையாக இருப்பது தெரிந்தது.
'திருகாணி?'
'என் மடியிலே வெச்சீங்க' என்றாள் செல்வினா.
'நான்தான் சிரிச்சேனே...'

ஆளுக்கொரு மின்மினியை நீட்டிக்கொண்டு
தரையில் கவிழ்ந்தோம்.
சோபாவுக்கு அடியில் ஒரு பிஸ்கட், ஒரு பத்து ரூபாய்,
யாருடையதோ நீல சாக்ஸ்.
யாரும் யாருடையது என்று கேட்கவில்லை.

'அசையாதீங்க,' என்றான் கோவிலென்,
என் முழங்காலுக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்து.
'இங்கேதான் எங்கேயோ இருக்கு.'

நான் அசையவில்லை.