ஒரு சொல் நீளப் பனி

கயானி நகராட்சியின் ஏழாம் எண் பனிவாரி வண்டி
ரௌனியுடையது.
இரவு இரண்டு மணிக்குத் தொடங்கி
தேவாலயத்தைச் சுற்றி
ஆற்றுப் பாலம் வரை வழித்துவிட்டு வருவாள்.
துணைக்கு வானொலி.
அந்த நேரத்தில் பழைய டாங்கோ பாட்டுகள்தாம் போடுவார்கள்,
விழித்திருப்பவர்கள் எல்லோரும்
யாரையோ இழந்தவர்கள் என்ற நம்பிக்கையில்.

ரௌனி யாரையும் இழக்கவில்லை.
விவாகரத்து வாங்கிப் போனவன்கூட நல்லவன்தான்,
சனிக்கிழமை மீன் கொண்டுவந்து தருகிறான்.
ஆனாலும் ஏதாவது ஒரு வரி
முன்கண்ணாடியில் மோதும் துகள் போல வந்து
ஒட்டிக்கொள்ளும்.
டீசல் ரசீதின் பின்புறம் கிறுக்கி
கையுறைக்குள் செருகிக்கொள்வாள்.

காலையில் சமையலறை மேசை.
ஜாம் புட்டியில் தண்ணீர்.
பள்ளிப் பிள்ளைகளின் வண்ணப்பெட்டி, பன்னிரண்டு குழி,
பச்சை மட்டும் தொடப்படாமல்.
"உன் கடிதத்தை அடுப்பு படித்துவிட்டது" என்ற வரிக்கு
அடுப்பையும் வரையவில்லை, கடிதத்தையும் வரையவில்லை.
தாளின் ஓரத்தில் கொஞ்சம் ஆரஞ்சு வைத்தாள்,
அது பரவிப் பரவித் தயங்கிய இடத்தில்
தானும் எழுந்துகொண்டாள்.
"பாதி நடனத்தில் படகு வந்துவிட்டது" என்பதற்கு
இரண்டு நீலம்,
நடுவில் ஈரம் படாத தாள் ஒரு மயிரிழை.
அந்த மயிரிழைக்காக ஏழு தாள் கிழித்தாள்.

ஒரு வரி மட்டும் விடவே இல்லை.
"முற்றத்தில் இன்னும் காத்திருக்கிறது நிலா."
பதினொரு முறை வரைந்தாள்.
நீர்வண்ணத்தில் நிலாவுக்கு நிறம் கிடையாது.
சுற்றிலும் இருட்டைப் பூசி
அதன் இடத்தைச் சும்மா விட வேண்டும்.
சும்மா விடுவதுதான் கஷ்டம்.
தூரிகை அங்கேயே போகும்,
பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போவது போல.

பூசிய ஈரத்தோடு தாளைப் பின்வாசலில் வைப்பாள்,
உள்ளே இடமில்லை என்பதால்.
வெளியே பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபத்திரண்டு.

பிப்ரவரியில் நூலகத்தில் மாட்டினார்கள்,
வரிகளைத் தட்டச்சு செய்து கீழே ஒட்டி.
கால்நடை மருத்துவமனை இர்மெலி
புத்தகம் திருப்பித்தர வந்தவள்
பதினொன்றின் முன்னாலும் நின்றாள்.
"அது நிலா இல்லையே, மரம்.
என் அக்கா கல்யாணத்தில் நான்தான் பாடினேன்,
மூன்று சரணமும்."

அவர்கள் பேச்சில் நிலாவுக்குக் கூ என்று பெயர்.
மரத்துக்குப் பூ.
நமக்குக் குயிலும் மலரும் கேட்கிற இடத்தில்
அவர்களுக்கு வானமும் வேரும்.
ஓர் எழுத்து.

ரௌனி சிரித்துவைத்தாள். காது சிவந்துவிட்டது.
இர்மெலி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
தாளில் முட்டிக்கொள்வது போல் குனிந்து
"மரமும் இருக்கிறதே" என்றாள்.
இருட்டுப் பூச்சுக்குள்
கிளையாய்ப் பிரிந்து, கிளைக்குள் கிளையாய்,
அந்த வெள்ளையின் விளிம்பு வரைக்கும்.
"அது நான் இல்லை, பின்வாசல்.
உறையும்போது ஈரம் அப்படித்தான் கீறும்."
"அப்படியானால் பின்வாசலுக்குப் பாட்டு
ஒழுங்காகக் கேட்டிருக்கிறது."

சீட்டை யாரும் மாற்றவில்லை.
யாரோ பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள்.
ரௌனி அதை அழிக்கவில்லை.
பன்னிரண்டாவதை வரையவுமில்லை.
பச்சைக் குழியை ஒரு நாள் நனைத்துப் பார்த்தாள்,
பிறகு காயவிட்டாள்.

மார்ச்சில் ஓர் இரவு, அதே பாட்டு.
வெளியே இரும்புப் பலகை தார்ச்சாலையைச் சுரண்டுகிறது.
இத்தனை வருடம்
அந்தச் சுரண்டலோடு சேர்த்துத்தான் கேட்டிருக்கிறாள்.
இரண்டாம் சரணம்.
முற்றத்தில்
இன்னும்
காத்திருக்கிறது
என்று பாடகர் மூச்சிழுத்தபோது
நெம்புகோலை இழுத்துப்
பலகையைத் தூக்கினாள்.

மறுநாள் நகராட்சிக்கு ஒரு புகார்:
மீன்காரர் தெரு, பதினான்காம் எண் வீட்டின் முன்
இந்தப் பக்கமும் வழித்திருக்கிறது,
அந்தப் பக்கமும் வழித்திருக்கிறது,
நடுவில் ஏழு மீட்டர் மட்டும்
பனி அப்படியே விடப்பட்டுள்ளது.
காரணம் தெரியவில்லை.