பத்து டாலர், பயன்பட்டால்

மைனஸ் முப்பத்திநான்கு.
சாஸ்கட்டூனில் அந்த வாரம்
கார்களையும் மின்கம்பி செருகித்தான் தூங்கவைத்தோம்.
கர்லிங் அரங்கின் மாடியறையில் பன்னிரண்டு பேர்,
ஒரே நாற்காலியில் ஒன்பது மேலங்கிகள்,
மேசையில் ஒரு தீர்மானம்:
சங்கத்தின் வட்டுகளில் இனிமேல்
பொட்டலத்தை எந்த முடிச்சால் கட்டுவது?

ஒரெஸ்ட் ஹ்னாட்யுக் ஆர்க் கட்சி.
"முடிச்சு அழகாயிருந்து என்ன,
வாங்குகிறவனுக்கு அவிழ்க்கத் தெரியணும்."
லோர்னா ஃப்ரீசன் நிறுத்துக் கடிகாரத்தோடு வந்திருந்தாள்.
ஜிப் எத்தனை நொடி, ஆர்க் எத்தனை நொடி,
தொலைபேசிக் கட்டணத்தில் அது எத்தனை சென்ட்,
எல்லாம் கட்டம் போட்ட தாளில்.
டெல்ஃபீன் கோட்ரிக்கு ஜூ.
காரணம் கேட்டோம். பெயர் பிடித்திருக்கிறதாம்.

கீழே பனியில் கல் உரசிப்போகும் ஓசை.
"பெருக்கு, பெருக்கு" என்று யாரோ தொண்டை கிழியக் கத்தினார்.
ஏழுக்கு நாலு. ஜிப் வென்றது.
பன்னிரண்டாமவர் காப்பி எடுக்கப் போயிருந்தார்.

என் கவலை வேறு.
இரண்டு அறுவடை எழுதிய நிரல் என்னுடையது:
கோதுமையின் ஈரத்தைச் சொன்னால்
எந்தக் களஞ்சியம் என்றைக்குச் சூடேறும் என்று சொல்லும்.
அன்றிரவே கட்டினேன்.
பதினோரு கிலோபைட் மிச்சம்.
தன் இடுப்பளவு குறைந்தவனைப் போல
அறைக்குள் இரண்டு முறை நடந்தேன்.
வட்டில் பக்கத்திலேயே, கட்டாமல், ஒரு குறிப்பு:
எப்படி ஓட்டுவது, ஏன் எழுதினேன்,
கடைசியில்
"பயன்பட்டால் பத்து டாலர் அனுப்புங்கள்.
பயன்படாவிட்டால் நண்பருக்குக் கொடுங்கள்."
லோர்னா சிரித்தாள்: "பாவம் அந்த நண்பர்."

வட்டு ரெஜைனா போனது, அங்கே பிரதியாகி மினியாபொலிஸ்,
அதற்கப்புறம் எனக்குத் தெரியாது.
தபால் பெட்டி நானூற்றுப் பதினெட்டில்
விதைப் பட்டியல், மின் கட்டண ரசீது,
யாருக்கோ வந்த பல் மருத்துவரின் நினைவூட்டல்.
பதினாலு மாதம்.

பிறகு, எனக்குப் பெயர் தெரியாத பறவை உட்கார்ந்திருக்கும் தபால்தலையோடு
ஓர் உறை.
ஆஸ்திரேலியா, ஹார்ஷம், மேவிஸ் கிளிங்கெ.

"ஐயா, உங்கள் நிரலை நான் இன்னும் பார்க்கவில்லை.
'தெரியாத வகை' என்கிறது என் இயந்திரம்.
அது கோப்பைச் சொல்கிறதா, என்னைச் சொல்கிறதா என்று
வீட்டில் ஒரு சர்ச்சை.
ஆனால் பக்கத்திலிருந்த குறிப்பைப் படித்தேன்.
ஈரக் கோதுமை கெடுவதற்கு முன்னால்
இரவில் ரொட்டிமாவு போல மணக்கும் என்று
நடுவில், சம்பந்தமில்லாமல், எழுதியிருக்கிறீர்கள்.
ஜனவரியில் எங்கள் மூன்றாம் களஞ்சியம் அப்படி மணத்தது.
திறந்து வாரிக் கொட்டினோம். பாதிக்கு மேல் தப்பியது.
ஆகவே பத்து டாலர்.
எங்கள் ஊர் டாலர். குறைந்தால் சொல்லவும்."

நீலத் தாள், நாலாக மடித்து.

சங்கத்தில் கடிதத்தைப் படித்தேன்.
லோர்னா அன்றைய மாற்று விகிதம் பார்த்தாள்.
ஒரெஸ்ட் "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லவில்லை.
டோனட்டை மட்டும் வழக்கத்தைவிட மெதுவாகத் தின்றான்.
அதுவே போதுமானதாக இருந்தது.

ஆர்க்கில் ஒரு வட்டு,
எதிலும் கட்டாமல், இடம் போதாமல் இரண்டு வட்டு,
அட்டைக்கு நடுவே வைத்து அனுப்பினேன்.
தபால் செலவு பன்னிரண்டு டாலர்.
ஓடியதா, ஓடவில்லையா, பதில் இல்லை.
அடுத்த பதிப்பில் நிரல் இன்னும் சுருங்கியது,
குறிப்பு மூன்று பக்கம் நீண்டது,
அதில் மணங்களுக்கு மட்டும் ஒரு பக்கம்.

நீலத் தாளை மாற்ற வங்கியில் நாலு டாலர் கேட்டார்கள்.
வேண்டாமென்று
வட்டுப் பெட்டியில், எழுதாத லேபிள்களுக்கு நடுவே வைத்திருக்கிறேன்.
பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் ஒரெஸ்ட் எட்டிப் பார்த்துக் கேட்பான்:
"அது எந்த வகைக் கோப்பு?"