நியூட்ரல்

சுவரை உடைக்க வேண்டியதில்லை என்றுதான் சொன்னார்கள்.
தீப்பெட்டி அளவு ரிலே,
பழைய சுவிட்சின் முதுகுக்குப் பின்னால்
அடங்கி உட்கார்ந்துகொள்ளும்.
வெளியே அதே பழுப்பேறிய போர்டு,
அதே ஆறு சுவிட்சு.
போனைத் தொட்டால் போதும்.

எனக்கு வலத்தோள் இறுகி எட்டு மாதம்.
மாமனார் வைத்த போர்டுகள்
எல்லாமே மாமனார் உயரத்துக்கு.
ஃபேன் போட இடக்கையால் எக்கி
ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடிக்கிறேன்.

கலியவரதன் ஞாயிற்றுக்கிழமை வந்தான்.
கடலூர் முதுநகரில் திருகாணி என்றாலே துருதான்,
உப்பனாற்றுக் காற்று எதையும் விடாது.
மண்ணெண்ணெய் விட்டு, டீ குடித்து,
மறுபடி முறுக்கினான். கழன்றது.
உள்ளே பல்லிமுட்டை இரண்டு,
சிவப்பு ஒயர் ஒரு கொத்து.
டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தவன் சொன்னான்:
"நியூட்ரல் இல்லக்கா."

இந்த வீட்டில் அது எப்போது இருந்தது?
பாகம் பிரித்த அன்று
சின்ன மாமனார் ஒரு பக்கம்,
பத்திரம் எழுதியவர் ஒரு பக்கம்,
பந்தலுக்கு வந்தவன் கூட ஒரு பக்கம்.
தானே புயலுக்கு மறுவருஷம்
கூடத்துக்கு நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்.
கிணறு அவர்களுக்கு, மாடிப்படி எங்களுக்கு.
அந்தப் பக்கம் ஓரகத்தி அஞ்சலாட்சி
கடுகு தாளிப்பது எனக்குக் கேட்கும்.
என் தும்மல் அவளுக்கு.
அவ்வளவுதான் போக்குவரத்து.

"சாதா சுவிட்சுக்கு அது வேணாம்கா,
அது சும்மா அறுக்கும், சேர்க்கும்.
இது ராப்பகலா முழிச்சிருக்கணும்.
முழிச்சிருக்க ரெண்டு கம்பி வேணும்.
வர ஒண்ணு, திரும்பிப் போக ஒண்ணு."

மெயினை இறக்கிவிட்டு
ஏணி போட்டு உத்தரத்துக்குக் கீழே ஏறினான்.
வட்டப் பெட்டிக்குள்
துணி டேப் சுற்றிய கறுப்புக் கம்பிகள்,
எண்ணெய் காணாத சடை மாதிரி.
ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தவன்
ஒன்றில் நின்றான்.
அது சுவருக்குள் போயிருந்தது.
"பிரிச்சவரு சிவப்பை மட்டும்தான் பிரிச்சிருக்காரு.
ரெண்டு மீட்டரு. கறுப்பு இன்னும் ஒண்ணுதான்.
உங்க வெளிச்சம் இத்தனை வருஷமா
அவங்க வீட்டு வழியாத்தான் திரும்பிப் போவுது."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
கரண்டு பில் யாருக்கு எவ்வளவு ஏறியிருக்கும்
என்றுதான் முதலில் ஓடியது, புத்தி அப்படி.

ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு
அந்த முறுக்கை மெல்ல அவிழ்த்தான்.
சுவருக்கு அப்பால்
கடக் கடக்கென்று எப்போதும் ஓடுகிற ஃபேன்
தயங்கி, இழுத்து,
நின்றது.

ஒரு நாற்காலி நகர்ந்தது.
செருப்புச் சத்தம் சுவர் வரைக்கும் வந்தது.
தெருவில் யாரிடமும் எவரும் கேட்கிற கேள்விதான்,
பகையாளியிடமும் கேட்கலாம்,
அது பேச்சுக் கணக்கில் வராது:
"உங்க பக்கம் கரண்டு இருக்கா?"

ஏணி மேலே கலியவரதன்
கறுப்புக் கம்பியைக் கையில் பிடித்தபடி
என்னைப் பார்த்தான்.

"இல்ல" என்றேன்.
பொய்யில்லை, மெயின் இறங்கித்தான் இருந்தது.
அங்கே கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"இங்கயும் இல்ல" என்றது சுவர்.

அவன் குரலைத் தாழ்த்தினான்.
"மறுபடி முறுக்கி விட்டுடவாக்கா?
ஃபேன் ஓடும், ரிலே வேலையும் முடியும்.
ஆனா நீங்க கேட்ட டிரிப்பர் நிக்காது,
போனது இங்க திரும்பலேன்னா விழுந்துரும்.
ஒழுங்கா செய்யணும்னா
அந்தப் பக்கமும் நான் போகணும்.
யாராச்சும் சொல்லணும்."

மேசை மேல் நாலு ரிலே,
பிரிக்காத அட்டைப்பெட்டியில்.
ஒவ்வொன்றும் ஆயிரத்துச் சொச்சம்.
தோள் வலித்தது.
சுவரில் கைவைத்துக்கொண்டு,
எந்த முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல்
பெயரையே சொன்னேன்:

"அஞ்சலாட்சி, கொல்லைக் கதவைத் திற.
ஒயர்மேன் வர்றாரு."