கோட்டுக்கு இந்தப் பக்கம்

சேவுகனுக்கு ஓட்டம் என்று எதுவும் கிடையாது.
நாலு எட்டு. அதிலும் மூன்றாவதில்
எதையோ மறந்துவிட்டவன்போல் சற்றுத் தயங்குவான்.
மட்டையோடு நிற்பவன் அந்தத் தயக்கத்தை நம்பினால்
முடிந்தது.

கோட்டையூர்ப் பொட்டலில் சரளைமேல்
தேங்காய்நார் விரிப்பை இழுத்து ஆணியடிப்போம்.
ஒரு முனை எப்போதும் சுருட்டிக்கொள்ளும்.
அந்தச் சுருக்கத்தை அவன் வட்டிக்கணக்குபோல
மனசில் ஏற்றி வைத்திருந்தான்.
ஆடிக் காற்றில் அவன் பந்து
முதலில் என் இடது முழங்காலைத் தேடி வரும்,
பிறகு மனம் மாறும்.

கல்யாணப் பந்தியில் அவனைச் சாம்பார் வாளி
தூக்கவிட மாட்டார்கள்.
'பீச்சாங்கையா?' என்று சிரித்த புதுவயல் கேப்டன்
ரெண்டு பந்து நின்றான்.

நான் அவனுக்குக் கீப்பர், பதினோரு சீசன்.
சுண்டுவிரல் ரெண்டு முறை, இடது கட்டைவிரல் ஒரு முறை
அவன் பந்தில்தான் உடைந்தது.
சைகை எதுவும் வைத்துக்கொண்டதில்லை நாங்கள்.
திரும்பாமல் நேரே வரப்போகிற பந்துக்கு மட்டும்
மூச்சை அடக்குவான்,
கழுத்தில் கறுப்புக் கயிறு அசையாது.
அது எனக்கு மட்டும் தெரியும்.

தொண்ணூற்றாறு. திண்டுக்கல். தேர்வு ஆட்டம்.
மெட்ராஸிலிருந்து வந்த மூன்று பேர்
குடைக்கு அடியில் மோர் குடித்தார்கள்.
எட்டு ஓவர் வரை ஒருவரும் பென்சிலை எடுக்கவில்லை.
ஒன்பதாவதில் நாலாவது பந்து:
பெரிய ஆட்டம் ஆடியவன் ஒருவன் இறங்கி வந்தான்,
கோட்டை விட்டு ஒன்றரை கஜம்,
மட்டை காற்றில்.
பந்து திரும்பிவிட்டது.
என் கையுறைக்கு வந்தது,
கையுறையிலிருந்து நழுவியது,
என் காலடியில் உட்கார்ந்துகொண்டது
எனக்கும் உனக்கும் என்ன என்பதுபோல.
டீக்கடைக்குப் போய்வந்தவன் மாதிரி
அவன் மெதுவாகத் திரும்பிக் கோட்டுக்குள் நின்றான்.
பிறகு நூற்று முப்பது அடித்தான்.

சேவுகன் என்னைப் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் தேவலை.
நத்தம் தாண்டி, திருப்பத்தூர் தாண்டி
பஸ் ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்கினான்,
அல்லது தூங்குவதுபோல் இருந்தான்.

அப்புறம் நடந்ததை
ஒரு பத்திரத்தாளில் அடக்கிவிடலாம்.
மாவட்ட லீக், இருபத்திரண்டு வருஷம்.
விக்கெட் நானூற்றுப் பதினேழு.
சென்னையில் ஒரு கம்பெனி அணியில் எட்டு மாசம்,
ஆடியது மூன்று, மற்ற நாளெல்லாம் தண்ணீர் சுமந்தது.
தோளில் ஊசி. கல்யாணம். ரெண்டு பெண்.
காரைக்குடியில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
பத்திரம் எழுதும் மேஜை.

போன தையில் எங்கள் பாகப்பிரிவினை.
பதினாலு பங்காளி, ஒரு கிணறு,
யாருக்கும் வேண்டாத ஒரு சந்து.
அவன்தான் எழுதினான், அவன்தான் வாசித்தான்:
வடக்கே முத்தையா மனை, தெற்கே வண்டிப்பாதை,
கிழக்கே ஊரணிக் கரை…
நான்கு எல்லையையும் சொல்லும்போது
ஆள் நிறுத்துகிற அதே குரல்,
இன்னும் கொஞ்சம் தள்ளி, அங்கேயே நில் என்று.

மெஷின் என் கட்டைவிரலை ஒத்துக்கொள்ளவில்லை.
மூன்று முறை வைத்தேன், மூன்று முறையும் சிவப்பு.
சேவுகன் எழுந்து வந்து விரலைப் பிடித்தான்.
மைத்தட்டில் ஒரு தொடல், தாளில் ஓர் உருட்டல்.
மணிக்கட்டு மட்டும் திரும்பியது. வேறொன்றும் அசையவில்லை.
எனக்கு உடம்பெல்லாம் கூசிற்று.

'இது திண்டுக்கல்லுக்கு முந்தி உடைஞ்சதா, பிந்தியா?'
'முந்தி.'
இருபத்தெட்டு வருஷமாக
அந்த ஊர்ப் பெயரை எங்களில் யாரும் எடுத்ததில்லை.
பழந்துணியில் என் மையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:
'அது நோ-பால்டா.
அம்பயர் கவனிக்கல. கால் வெளிய போயிருச்சு, எனக்குத் தெரியும்.
நீ புடிச்சிருந்தாலும் அது அவுட்டில்ல.'

ஸ்கோர் நோட்டெல்லாம் என் வீட்டுப் பரணில்தான் கிடக்கிறது.
இருபத்திரண்டு வருஷம், அவன் பெயருக்கு நேரே
நோ-பாலுக்கு ஒரு புள்ளி கிடையாது.
நாலு எட்டு வைப்பவனுக்குக் கால் எங்கே போகும்?

உள்ளே டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள்.
நான் எழுந்திருக்காமல் அவன் கழுத்தைப் பார்த்தேன்.
கறுப்புக் கயிறு
அசையவில்லை.