நாற்பத்தொரு அட்டைகள்

ஹாலிஃபாக்ஸ், யார்க்‌ஷயர்.
மழை கல்சுவர்களை இன்னும் கறுப்பாக்கும் நவம்பர்.
சமையலறை மேசையில்
எனிட் தாக்ரே பிஸ்கட் டப்பாவைத் திறக்கிறாள்.
உள்ளே பிஸ்கட் இல்லை.
"எல்லாம்" இருக்கிறது,
நாற்பத்தொரு அட்டைகளில்.

லீட்ஸ் பதிப்பகத்தார் கேட்டது இவ்வளவுதான்:
முழுமையைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள்,
சொல்லுக்கு ஒரு வாக்கியம்,
வாக்கியத்துக்கு ஒன்பது பென்ஸ்.

ஒரே பொருள் என்கிறார்கள்.
ஒரே தெருவில் குடியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.
டோட்டல் கணக்கெழுதுகிறவர்;
நொறுங்கிய காரோ சூரிய கிரகணமோ
அடியில் கோடிழுத்துக் கையெழுத்துப் போடுவார்.
அட்டருக்கு வாய் திறந்தால் வசவு.
முட்டாள், குப்பை, அபத்தம்;
நிசப்தத்துக்கு மட்டும் குரலைத் தாழ்த்தும்.
ஃபுல் எளிய மனுஷி,
நிலாவையும் வயிற்றையும் பஸ்ஸையும்
ஒரே மாதிரி விசாரிப்பவள்.
தரோ என்றால் எதிர்வீட்டு ஹில்டா மர்கட்ராய்டு:
பித்தளைக் கைப்பிடிக்குப் பின்னாலும்
விரலை விட்டுத் துடைப்பாள்.
ஸ்வீப்பிங் கையில் துடைப்பம்;
பெருக்கித் தள்ளியதில் என்ன கிடந்ததென்று
அது குனிந்து பார்த்ததில்லை.
காம்ப்ரிஹென்சிவ் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டின் சிரிப்பு.
வெள்ளம் சேராது, போர் சேராது,
கடவுள் செயல் சேராது,
பின்பக்கம், பொடியெழுத்தில்.

லாக், ஸ்டாக் அண்ட் பேரல்.
ஒரு துப்பாக்கியை
மூன்று துண்டாகக் கழற்றிச் சொன்னால்தான்
அது முழுத் துப்பாக்கி ஆகிறது இவர்களுக்கு.

என்டயருக்கு வாக்கியம் வரவில்லை.
மூன்று நாள் வரவில்லை.
பிறகு ஆப்பிள்பி குதிரைச் சந்தையில் கேட்டதை
அப்படியே எழுதினாள்.
விரை நீக்காத ஆண்குதிரைக்கு அங்கே அதுதான் பெயர்.
தரகன் ஜெத்ரோ கழுத்தைத் தட்டிச் சொன்னான்:
"இவன் என்டயர், அம்மா.
ஒன்றையும் குறைக்கவில்லை."
பதிப்பகத்தார் அடித்துவிடுவார்கள்.
அடிக்கட்டும்.

நாற்பத்திரண்டாவதை
அவள் தேடிப் போகவில்லை.
இன்ஃபர்மரியில்
கோப்பைப் பார்த்தபடியே மருத்துவர் சொன்னார்:
ராடிக்கல்.
வேரிலிருந்து வந்த சொல்.
"முள்ளங்கிக்கும் இதே வேர்தான், டாக்டர்" என்றாள்.
அவருக்குப் புரியவில்லை.
நர்ஸ் சிரித்துவிட்டு
சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த நான்காம் வாரம்
புது அட்டையில் சொல்லை எழுதினாள்.
பொருள்: வேர்வரை போவது.
வாக்கியத்துக்கான இடத்தில்
பேனா வெகுநேரம் நின்று
ஒரு மைப்பொட்டு வைத்துவிட்டு வந்தது.

மார்ச்சில் அச்சகத்திலிருந்து ஃபோன்.
அச்சுக் கோக்கும் பெர்சி சட்க்ளிஃப்,
முதுகுக்குப் பின்னால் மெஷின் இரைச்சல்.
"பதினேழாவது அட்டையில் டீ கொட்டிவிட்டது, மிஸஸ் தாக்ரே.
அது ஹோலா, ஹோலா?"
"ஹோல்."
"அதைத்தானே ரெண்டு தரம் கேட்டேன்.
முன்னால் டபிள்யூ உண்டா?"

தமிழில் இதை எழுதும் எனக்கு
அந்த டபிள்யூவும் கிடையாது.
முழுசுக்கும் ஓட்டைக்கும்
அதே இரண்டெழுத்து, ஹோல்.
எது எதுவென்று
பக்கத்துச் சொல்லை விசாரித்துத்தான்
தெரிந்துகொள்ள வேண்டும்.

எனிட் உடனே பதில் சொல்லவில்லை.
ஃபோன் பிடிக்காத கை
கம்பளிச் சட்டையின் இடது பக்கம்
ஒரு தரம் போய்
வந்தது.

"டபிள்யூ உண்டு, பெர்சி.
சத்தம் போடாது.
ஆனால் உண்டு."

அவர் குறித்துக்கொண்டார்.
மழையைப் பற்றி,
அவருடைய மகள் ராதர்ஹாமில் வாங்கிய வீட்டைப் பற்றிக்
கொஞ்சம் பேசினார்கள்.
வைக்கப்போகும்போது கேட்டார்:
"கடைசி அட்டையில் வாக்கியத்தைக் காணோமே?"
"அது அப்படியே போகட்டும்."
"அதற்குக் காசு தரமாட்டார்கள்."
"தெரியும்" என்றாள்.